தில்லியிலிருந்து தீர்த்தனுக்கு: டிரவுட்டுக்கு ஃப்ளை போடுவது எப்படி

தாமிரபரணிக் கரையில் பெரியப்பாவோடு உட்கார்ந்து, மண்புழு கோத்து, தக்கை ஆடுகிறதா என்று பார்த்துப் பழகியவள் நான். தில்லிக்கு வேலைக்கு வந்து, இமாசலத்து ஆறுகளைப் பார்த்த பிறகுதான், டிரவுட் என்ற மலையாற்று மீனுக்காக ஃப்ளை ராடைக் கையில் எடுத்தேன். பூச்சி மாதிரி கட்டிய முள்தான் ஃப்ளை, அதை வீசும் தூண்டில்தான் ஃப்ளை ராடு. ஆர்.கே.புரத்திலும் மயூர் விகாரிலும் இருக்கும் நம் ஆட்கள் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, எங்களையும் ஒருதரம் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். எல்லோரையும் கூட்டிப் போவது நடக்காத காரியம். வெள்ளி இரவு கிளம்பி, சனிக்கிழமை முழுக்க ஆற்றில் நின்று, ஞாயிறு காலை வீடு திரும்ப என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று. ராடை எவ்வளவு தூரம், எவ்வளவு அழகாக வீசுகிறீர்கள் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். தண்ணீரில் விழுந்த ஃப்ளை அந்தத் தண்ணீரின் வேகத்திலேயே போகிறதா என்பதுதான் முக்கியம். கீழே நான் சொல்கிற எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான்.

எந்த ஆறு, எந்த மாதம்

தில்லிக்காரர்களுக்கு நான் சொல்வது குல்லு மாவட்டத்துத் தீர்த்தன் ஆறு. கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் பிறந்து, குஷைனி, நாகினி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் சேருகிறது. அந்தப் பூங்கா 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் எல்லாம் நீர்மின் நிலையங்கள் வந்துவிட்டன. இங்கேயும் வர இருந்தன. முன்னாள் எம்.எல்.ஏ. திலே ராம் ஷபாபும் ஊர் மக்களும் போராடித் தடுத்தார்கள். ஆறு இன்றைக்கும் தன் போக்கில் ஓடுவதற்கு அவர்கள்தான் காரணம். கரையில் நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இந்த ஆற்றில் இருப்பது பிரவுன் டிரவுட். இந்த மண்ணின் மீன் அல்ல. ஹவல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1909 வாக்கில் காஷ்மீரிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து குல்லுவில் பொரிக்க வைத்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1907-இல், நம் நீலகிரியில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கினார். ஊட்டிப் பக்கம் நிலைத்தது ரெயின்போ டிரவுட். பிரவுனுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு. கறுப்புப் புள்ளிகளோடு சிவப்புப் புள்ளிகளும் இருக்கும், அவற்றைச் சுற்றி வெளிறிய வளையம். ரெயின்போவுக்கு விலாவில் ரோஸ் நிறப் பட்டை, வாலிலும் கறுப்புப் புள்ளிகள். வாய் கீழ்ப்பக்கம் பார்த்தபடி, சாம்பல் நிறத்தில் ஒன்று மாட்டினால் அது ஸ்னோ டிரவுட். பெயர்தான் டிரவுட், உண்மையில் நம் கெண்டையின் உறவு. இமயத்தின் சொந்த மீன் அதுதான். மரியாதையாக விட்டுவிடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரவுட் பிடிக்க இமாசலத்தில் தடை. அந்தக் குளிரில்தான் பிரவுன் டிரவுட் சரளைக்குள் பள்ளம் பறித்து முட்டையிடுகிறது. மார்ச்சில் தடை நீங்கிவிட்டாலும், ஆழமில்லாத இடத்தில் சுத்தமாகத் துலக்கி வைத்ததுபோல் வெளிறித் தெரியும் சரளைத் திட்டுகளை மிதிக்காதீர்கள். குளிர்ந்த நீரில் முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும். குஞ்சுகள் இன்னும் கல்லிடுக்கிலேயே இருக்கலாம். மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை ஒரு பருவம். ஜூலை, ஆகஸ்டில் ஆறு கலங்கிச் சீறும், போகவே வேண்டாம். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முடிய இன்னொரு பருவம். என்னைக் கேட்டால் அக்டோபர்தான். தண்ணீர் தெளிந்து, வற்றி, மடுவுக்குள் மீன் நிற்பது கண்ணுக்கே தெரியும்.

மீன்வளத் துறையின் லைசென்ஸ் இல்லாமல் ராடைப் பிரிக்காதீர்கள். நாள் கணக்கில் தருகிறார்கள். எத்தனை மீன், எந்த அளவு என்ற கட்டுப்பாட்டை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் இடத்துக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் எங்கே வாங்குவது என்று காட்டிவிடுவார். தேசியப் பூங்கா எல்லைக்குள் போவதற்கு அனுமதி தனி.

சாமான்

9 அடி, 5 வெயிட் ராடு. நான்கு துண்டாகப் பிரிவதாகப் பார்த்து வாங்குங்கள், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். ரீல் சாதாரணமானது போதும். பணத்தை லைனில் போடுங்கள். மிதக்கிற லைன், முன்பக்கம் பருத்தது, 5 வெயிட். அந்த 5 என்ன கணக்கு என்றால், லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை இருக்கும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்கு எடையே இல்லை. இறகும் நூலும் சுற்றிய முள், அவ்வளவுதான். அதனால் லைனின் எடையை வீசுகிறோம், ஃப்ளை அதன் பின்னால் போகிறது. இது மனசில் ஏறிவிட்டால் வீசுவதில் பாதி வந்த மாதிரி.

லைன் முனையில் 9 அடி லீடர், 4X. அதன் நுனியில் 5X டிப்பெட். இரண்டும் நம் ஊர்த் தங்கூஸ் நரம்பேதான், ஆனால் ரொம்ப மெல்லியது. 11-லிருந்து X எண்ணைக் கழித்தால், வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கனம் என்ற கணக்கு. 5X என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர்.

ஃப்ளை டப்பாவை நிரப்ப வேண்டாம். கீழே ஃப்ளையின் பெயருக்குப் பின்னால் வரும் எண் முள்ளின் அளவு. எல்க் ஹேர் காடிஸ் 14, ஆடம்ஸ் 16, தலையில் மணி வைத்த ஃபெசன்ட் டெயில் 16, ஹேர்ஸ் இயர் 14, கலங்கல் தண்ணீருக்கு ஒரு கறுப்பு வூலி பகர். வகைக்கு மூன்று நான்கு போதும். எல்லா முள்ளிலும் எதிர்முனையை, அதாவது மாட்டிய மீன் கழலாமல் பிடிக்கும் சின்னக் கொக்கியை, குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

போலராய்டு கண்ணாடி அவசியம். தண்ணீருக்குள் பார்க்க மட்டும் இல்லை, முள் பறந்து வந்தால் கண்ணைக் காக்கவும் அதுதான். தொப்பியும் அப்படியே. அடியில் கம்பளித்துணி ஒட்டிய ஷூ அல்லது ஆணி பதித்த ரப்பர் ஷூ, ஊன்ற ஒரு தடி, கம்பளி சாக்ஸ், சின்ன வலை, தெர்மாமீட்டர். வேடர் என்கிற தண்ணீர் புகாத கால்சட்டையை அங்கேயே வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

தில்லியிலேயே பழகுங்கள்

வீசக் கற்றுக்கொள்ளும் இடம் ஆறு அல்ல, வீட்டுப் பக்கத்துப் பூங்காப் புல்தரை. வாக்கிங் கூட்டம் வருவதற்கு முன், ஞாயிறு விடியலில் போங்கள். முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிக்கொள்ளுங்கள். 25 அடி லைனைப் புல்லில் நேராக விரியுங்கள். கட்டைவிரல் ராடுக் கைப்பிடியின் மேல். நுனியைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து ஆரம்பித்து, மெதுவாக உயர்த்தி, வேகம் கூட்டி, காதுக்குப் பக்கத்தில் சட்டென நிறுத்துங்கள். கடிகார முள் ஒரு மணியில் நிற்கிற கோணம். இப்போது பொறுங்கள். லைன் உங்களுக்குப் பின்னால் முழுதாக நீள வேண்டும். திரும்பிப் பாருங்கள், வெட்கமே வேண்டாம். நீண்டதும் முன்னால் கொண்டுவந்து பத்து மணிக் கோணத்தில் நிறுத்துங்கள். நிறுத்தினால்தான் லைன் உருண்டு விரியும். புதியவர்கள் எல்லோரும் பின்பக்கம் பொறுக்காமல் அவசரப்படுகிறார்கள். படாரென்று சாட்டை அடிக்கிற சத்தம் கேட்டால் அதுதான் காரணம். ஆற்றில் என்றால் ஃப்ளை அறுந்து போயிருக்கும்.

லைனைப் பின்னால் விரிக்காமலே வீசும் ரோல் காஸ்ட்டையும் பழகிவிடுங்கள். தீர்த்தன் கரையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் மரம்தான் இருக்கும், லைனை விரிக்க இடம் கிடைக்காது. ஆனால் இது புல்லில் சரியாக வராது, தண்ணீர் லைனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அசைவை மட்டும் கைக்குப் பழக்கிவையுங்கள்: ராடை மெல்லப் பின்னால் கொண்டுவந்து, லைன் தோளுக்குப் பின்னால் தொங்கும்படி நிறுத்தி, முன்னால் ஒரே தள்ளு.

முடிச்சு இரண்டு போதும். ஃப்ளை கட்ட கிளிஞ்ச், டிப்பெட்டை ஒட்ட சர்ஜன். கிளிஞ்சுக்கு ஐந்து சுற்று, நுனியைக் கண்ணிக்குள் விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசலில் சூடேறிப் பலம் போய்விடும். விரல் விறைத்துப்போகிற குளிரில் கட்ட வேண்டியிருக்கும், அதனால் டி.வி. பார்த்துக்கொண்டே கட்டிப் பழகுங்கள்.

போகும் வழி

காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் குல்லு, மணாலி இரவு பஸ். ஔட் என்ற ஊரில், சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், தூங்கிவிட்டால் குல்லுதான். ஔட்டிலிருந்து பஞ்சாருக்கு லோக்கல் பஸ்ஸோ டாக்சியோ கிடைக்கும், அங்கிருந்து குஷைனி 10 கிலோமீட்டர் அளவு. நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். மதியம் ஆற்றை விட்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வந்தால் நல்ல நேரமெல்லாம் வீணாகிவிடும்.

ஆற்றில்

விடிவதற்குள் ஓட வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் காலையில் தண்ணீர் 6, 7 டிகிரியில் இருக்கும், மீனும் விறைத்துப்போய்க் கிடக்கும். வெயில் தண்ணீரில் விழுந்து பூச்சிகள் அசைய ஆரம்பிக்கும்போது தொடங்கினால் போதும். 10 முதல் 16 டிகிரி வரை டிரவுட் நன்றாக இரை எடுக்கும். எந்த ஆறானாலும் 20-ஐ நெருங்கினால் ராடை மடக்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் நீரில் ஆக்ஸிஜன் குறைவு, பிடித்து விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம்.

லைனை விரிப்பதற்கு முன் குனிந்து ஒரு கல்லைப் புரட்டுங்கள். உள்ளங்கை அளவு, பாசி படிந்த, ஓட்டத்தில் கிடக்கிற கல். அடிப்பக்கத்தில் தட்டையாக, மூன்று வால்நூலோடு ஓடுகிறதே, அது மேஃப்ளையின் இளம்பூச்சி. வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். வால் இரண்டாக, ஆள் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. மணலைத் துகள் துகளாக ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் தலையை மட்டும் நீட்டுவது காடிஸ். இதில் எது அதிகமோ, அதன் அளவும் நிறமும்தான் உங்கள் டப்பாவிலிருந்து எடுக்க வேண்டிய ஃப்ளை. கல்லை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வைத்துவிடுங்கள்.

மீன் எங்கே நிற்கும்? டிரவுட் எப்போதும் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும். இரையை ஓட்டம் கொண்டுவரும், ஆனால் ஓட்டத்தில் நின்றால் பலம் போகும். அதனால் வேகமான தண்ணீருக்கும் மெதுவான தண்ணீருக்கும் நடுவிலுள்ள கோட்டில் நிற்கும். தீர்த்தனில் பாறைகள் நிறைய. ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் அமைதியான ஒரு துண்டு, இரண்டு விளிம்பிலும் நுரைக்கோடு. நுரை போகிற பாதையில்தான் பூச்சியும் போகும். பாறைக்கு முன்னாலும், தண்ணீர் முட்டித் திரும்புகிற இடத்தில், மெத்தை போல ஒரு மந்தம் உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நல்ல மீன் அங்கேதான் நிற்கும். மடுவின் தலைப்பில் வெள்ளைத் தண்ணீர் இறங்கி இருளும் இடமும், மாலையில் மடுவின் வாலில் தண்ணீர் மெலிந்து வழியும் இடமும் நல்லவை. போன வருஷம் பார்த்து வைத்த மடு இந்த வருஷம் அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2023 ஜூலை வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் குல்லு ஆறுகள் படுக்கையையே புரட்டிப் போட்டுவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

மீன் தண்ணீர் வரும் திசையைப் பார்ப்பதால் நீங்கள் ஓட்டத்துக்கு எதிராக, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே போங்கள். குனிந்து, கல் உருளாமல், உங்கள் நிழல் முன்னால் விழாமல். முதலில் கரையோரத் தண்ணீரில் போடுங்கள். அதற்குள் கால் வைத்துவிட்டு நடு ஆற்றில் வீசுவதில் பயனில்லை.

நம் ஊர்க் கைக்குச் சட்டெனப் பிடிபடும் முறை ஒன்று இருக்கிறது. மேலே எல்க் ஹேர் காடிஸ் மிதக்கும். அதன் முள் வளைவில் ஒன்றரை அடி டிப்பெட் கட்டி, அடியில் மணித்தலை ஃபெசன்ட் டெயில். மேலே மிதப்பது இரையும்தான், தக்கையும்தான். மதியத்தில் மீன் அடியில் உள்ளதைக் கொத்தும், சாயங்காலம் மேலே உள்ளதை எடுக்கும்.

இப்போது ஒரே ஒரு வீச்சை மெதுவாகப் பார்ப்போம். உங்களிடமிருந்து 15 அடியில் ஒரு பாறை, அதன் வலப்பக்க விளிம்பில் நுரைக்கோடு. உங்களுக்கும் அதற்கும் நடுவில் வேகமான ஒரு நாக்குத் தண்ணீர். பாறைக்கு மூன்றடி முன்னால், தண்ணீர் வரும் பக்கமாக ஃப்ளை விழட்டும். விழுந்த மறுநொடி அந்த வேகத் தண்ணீர் லைனைப் பிடித்துக் கீழே வளைக்கும். வளைந்ததும் ஃப்ளை நுரையை முந்திக்கொண்டு, பின்னால் சின்னதாக ஒரு கோடு கிழித்தபடி ஓடும். இதுதான் டிராக். உண்மையான பூச்சி எதுவும் அப்படி ஓடாது, மீன் அசையவே அசையாது. அதனால் விழுந்த உடனே ராடை உயர்த்திக் கையை நீட்டுங்கள். வேகத் தண்ணீரின் மேல் லைனே படக்கூடாது, லீடரின் நுனி மட்டும்தான் தொட வேண்டும். ராடு நுனி ஃப்ளையோடு சேர்ந்தே கீழ்நோக்கி நகரட்டும். பக்கத்தில் ஒரு நுரைக்குமிழியைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். குமிழியும் ஃப்ளையும் ஜோடியாகப் போனால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். தூரம் கூடி, லைன் தண்ணீரில் கிடந்தே ஆக வேண்டுமென்றால், அது வளைவதற்கு முன்பே ராடு நுனியால் லைனை மட்டும் தூக்கி மேல்பக்கம் வளைத்துப் போடுங்கள். இதற்கு மெண்டிங் என்று பெயர். ஃப்ளை அசையக்கூடாது. ஆனாலும் நான் சொல்வது, 20 அடிக்கு மேல் வீசாமல் கிட்டே நடந்து போவதே மேல். நுரைச் சத்தம் உங்களை மறைத்துவிடும்.

ஒரே கோட்டில் ஐந்தாறு முறை சுத்தமாகப் போயும் எதுவும் இல்லையென்றால், ஃப்ளையை மாற்றாதீர்கள். அடிப்பூச்சியின் டிப்பெட்டை அரை அடி நீட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பாறைக்குப் போங்கள்.

மேலே மிதக்கும் காடிஸ் ஃப்ளை நின்றாலோ, தயங்கினாலோ, சட்டென மூழ்கினாலோ ராடைத் தூக்குங்கள். கெளுத்திக்குச் சுண்டுகிற மாதிரி சுண்டினால் 5X அறுந்துவிடும். மணிக்கட்டை உயர்த்தினால் போதும். மாட்டியதும் ராடு வளைந்தே இருக்கட்டும். மீன் ஓடினால் ரீல் கொடுக்கட்டும், நின்றால் நீங்கள் சுற்றுங்கள். ராடை நெட்டுக்குத்தாகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் சீக்கிரம் திரும்பும். நீளப் போராட்டம் யாருக்கும் நல்லதல்ல, மீனுக்கு உயிர் போகிற காரியம்.

வலைக்குள் வந்ததும் முதலில் கையை நனையுங்கள். காய்ந்த கை பட்டால் செதிலின் மேலுள்ள வழவழப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முள்ளைக் குறட்டால் பிடித்து, வந்த வழியே திருப்பினால், எதிர்முனை இல்லாததால் வழுக்கி வரும். செவுளில் விரல் விடாதீர்கள். படம் எடுக்க வேண்டுமா, கேமரா தயாரான பிறகு ஒரு நொடி தூக்குங்கள். பிறகு வாலடியை ஒரு கையிலும் வயிற்றை மறு கையிலும் தாங்கி, ஓட்டத்தைப் பார்த்தபடி மெதுவான தண்ணீரில் பிடித்திருங்கள். செவுள் திறந்து மூடுவது கைக்குத் தெரியும். வால் ஒரு தடவை பலமாக உதைக்கும், அதுவாகப் போய்விடும். நீங்கள் தள்ளிவிடாதீர்கள்.

தண்ணீர் பற்றிய எச்சரிக்கை

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மலையில் பனி உருகி, ஆறு ஏறும், நிறம் பால் கலந்த மாதிரி மாறும். காலையில் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். நீங்கள் இறங்கிய பக்கத்துக் கரையிலேயே திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒரு கல்லில் கோடு வைத்துக்கொள்ளுங்கள். கோடு மூழ்கினால் கரையேறுங்கள். அணை இருக்கும் ஆறுகளில் இன்னும் மோசம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்த தண்ணீர் பியாஸில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போனது. அணைக்குக் கீழே யார் கூப்பிட்டாலும் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். தனியாக எங்கும் இறங்காதீர்கள். என் வீட்டுக்காரர் மீன் பிடிப்பதில்லை. ஆனால் நான் இறங்கினால் அவர் கரையில் இருப்பார், விசில் என் கழுத்தில் இருக்கும்.

மீன் சாப்பிடுவது பற்றி

ஆற்று மீனை நான் எடுப்பதில்லை. லைசென்ஸ் சில மீன்களை அனுமதிக்கலாம். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் டிரவுட் மெதுவாகத்தான் வளரும், நல்ல மீனாக ஒன்று ஆக வருஷங்கள் பிடிக்கும். பள்ளத்தாக்கில் ரெயின்போ வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன, சாப்பிட அங்கே வாங்குங்கள். செதில் பொடிசு, சுரண்ட வேண்டாம். புளிக்குழம்புக்கு இந்த மீன் ஏற்றதல்ல, அதன் மெல்லிய ருசி புளியில் போய்விடும். கீறி, மஞ்சள், மிளகுத்தூள், உப்பு, பூண்டு தடவி அரை மணி நேரம் வைத்து, தோசைக்கல்லில் நல்லெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். தங்கும் இடத்து அடுப்பைக் கேட்டால் கொடுப்பார்கள், நீங்கள் செய்ததில் அவர்களுக்கும் ஒன்று வையுங்கள்.

ஆறு மணி சுமாருக்கு ராடைப் பிரித்துவிடுங்கள், ஔட்டில் தில்லி பஸ் பிடிக்க வேண்டும். பஸ் டிக்கெட்டை முன்பே போட்டு, ஏறும் இடம் ஔட் என்று குறித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள், ஒன்றுகூடக் கரையில் கிடக்க வேண்டாம். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ளைகளைத் திறந்த டப்பாவில் காய வையுங்கள், இல்லாவிட்டால் முள் துருப்பிடிக்கும். லைனை ஈரத்துணியால் துடைத்துச் சுற்றுங்கள். ஷூவைக் கழுவி, பால்கனி வெயிலில் முழுக்கக் காயவிட்ட பிறகே வேறு ஆற்றுக்கு எடுத்துப் போங்கள். ஓர் ஆற்றின் பாசியும் நோயும் ஷூவின் ஈரத்தில்தான் அடுத்த ஆற்றுக்குப் போகின்றன.